சுத்திகரித்த பிறகு எஃபாவிரென்ஸ் கூடுகிறது: தவறு அளவீட்டிலா, நிலையத்திலா?

நீர்மானி_டர்பன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் வடக்கில் நாளுக்கு 50 மெகாலிட்டர் அளவில் ஓடும் கழிவுநீர் நிலையம் பற்றிய கேள்வி இது. முதல்நிலைப் படிவுத் தொட்டி, காற்றூட்டத் தொட்டி, இரண்டாம்நிலைத் தெளிவுத் தொட்டி, கடைசியில் குளோரின், பிறகு ஆறு. வழக்கமான அமைப்புதான்.

எச்.ஐ.வி. மருந்துகளில் லாமிவுடின், நெவிரபின், எஃபாவிரென்ஸ் மூன்றையும் உள்வரும் நீரிலும் வெளியேறும் நீரிலும் அளந்தோம். லாமிவுடின் நன்றாகக் குறைகிறது. நெவிரபின் உள்ளே வந்தபடியே வெளியே போகிறது. எஃபாவிரென்ஸ்தான் புதிர்: மூன்று சுற்றிலும் வெளியேறும் நீரில் கூடுதலாக இருக்கிறது. நிலையத்துக்குள் யாரும் மருந்து செய்வதில்லையே!

எடுத்த முறை: காலை 9 மணிக்கு இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் ஒரு வாளி. பிளாஸ்டிக் பாட்டில். 0.45 மைக்ரான் நைலான் வடிகட்டி. எச்.எல்.பி. கார்ட்ரிட்ஜ் (மருந்தைப் பிடித்துச் செறிவாக்கும் சிறு உருளை), மெத்தனால், பிறகு எல்.சி. மாஸ் கருவி (பொருள்களைப் பிரித்து எடையால் அடையாளம் காண்பது). வெளித்தரம், அதாவது தனியாகச் சுத்தநீரில் கரைத்த தெரிந்த அளவு மருந்து, வைத்துக் கணக்கிட்டோம்.

"உடலில் குளுக்குரோனைடாக (சர்க்கரைப் பகுதி ஒட்டிய வடிவமாக) மாறியது சாக்கடையில் உடைந்து திரும்ப மருந்தாகிறது" என்று அறிக்கையில் எழுதிவிடலாம் என்கிறார்கள். அது சரியா? இன்னொன்று, நிலையத்துக்குக் கீழே ஆற்றில் எடுத்த ஒரு மாதிரியில் எங்கள் வெளியேறும் நீரைவிடவும் அதிகம் இருந்தது. அதற்கு என்ன பொருள்?

---

ஆய்வுமேசை:

அறிக்கையை இப்போது எழுத வேண்டாம். நீங்கள் சொன்ன முறையில் மருந்து காணாமல் போக நாலு இடம் இருக்கிறது. அவற்றில் வடிகட்டியும் கருவிக்குள் நடக்கும் அமுக்கமும் உள்வரும் நீரில்தான் அதிகம் தின்னும். அதனால் உள்ளே குறைவாகவும் வெளியே கூடுதலாகவும் தெரியும்.

முதலாவது வடிகட்டி. எஃபாவிரென்ஸ் தண்ணீரில் கரைய விரும்பாத, கொழுப்பை நாடும் மருந்து. மலத்தோடு வரும் பகுதி திடத்துகளில் ஒட்டியே வருகிறது. வடிகட்டியதும் அதைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். வெளியேறும் நீரில் துகள் குறைவு, அதனால் இழப்பும் குறைவு. போதாததற்கு நைலானே இந்த மருந்தைப் பிடித்து வைக்கும். 0.7 மைக்ரான் கண்ணாடி இழை வடிகட்டிக்கு மாறுங்கள். வடிகட்டியைத் தூக்கி எறியாமல் ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு, 10 மி.லி. மெத்தனால் ஊற்றி 15 நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில் வையுங்கள். இன்னொரு 10 மி.லி. ஊற்றி இதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டையும் சேர்த்து, மெத்தனால் 5 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை சுத்தநீர் ஊற்றி, தனிக் கார்ட்ரிட்ஜில் ஏற்றுங்கள். கரைந்த பகுதி, ஒட்டிய பகுதி இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள்.

இரண்டாவது பாட்டில். பழுப்புக் கண்ணாடிதான் வேண்டும். மாதிரியை ஊற்றி முடித்ததும் பாட்டில் சுவரை 5 மி.லி. மெத்தனாலால் அலசி, அதையும் கார்ட்ரிட்ஜ் சாற்றோடு சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, கருவிக்குள் நடக்கும் அமுக்கம். உள்வரும் நீரில் சோப்பு, பித்த உப்பு, கொழுப்பமிலம் எல்லாம் மருந்தோடு சேர்ந்து வந்து அயனியாக்கத்தைக் கெடுக்கும். சுத்தநீரில் போட்ட தரக்கோட்டை வைத்துக் கணக்கிட்டால் உள்வரும் நீருக்கு எண் குறைந்தே வரும். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய எஃபாவிரென்ஸை உள்தரமாக வடிகட்டும் முன்பே மாதிரியில் சேர்த்துவிடுங்கள். கடைசியில் சேர்த்தால் கருவியின் பிழையை மட்டும் திருத்தும், வழியில் தொலைந்ததைத் திருத்தாது. நெவிரபினுக்கும் அதற்கே உரிய டியூட்டீரிய வடிவம் வேண்டும். ஒன்றின் தரத்தை இன்னொன்றுக்குக் கடன் வாங்காதீர்கள். கருவியில் பார்க்கும் அயனி எடைகள்: எஃபாவிரென்ஸ் எதிர் முறையில் 314 → 244, நெவிரபின் நேர் முறையில் 267 → 226. தக்கவைப்பு நேரமே வேறு, அமுக்கமும் வேறு.

நாலாவது, உலர்த்திய பின் கரைப்பது. நைட்ரஜன் ஓட்டத்தில் 40 பாகைக்கு மேல் போகாமல் உலர்த்தி, பாதி மெத்தனால் பாதி தண்ணீரில் 1 மி.லி. ஆக்குங்கள். "தொடக்கக் கரைசல் போலவே இருக்கட்டும்" என்று 90 சதவீதம் தண்ணீர் ஊற்றுபவர்கள் உண்டு. லாமிவுடினுக்கு அது நல்லது. எஃபாவிரென்ஸ் குப்பிச் சுவரிலேயே தங்கிவிடும்.

கார்ட்ரிட்ஜ் வேலை: 500 மி.கி. எச்.எல்.பி., 6 மி.லி. மெத்தனால், 6 மி.லி. தண்ணீர். உள்வரும் நீர் 100 மி.லி. போதும், வெளியேறும் நீர் 500 மி.லி. நிமிடத்துக்கு 5 மி.லி.க்கு மேல் ஓடவிடாதீர்கள். 5 சதவீத மெத்தனாலால் கழுவி, 30 நிமிடம் வெற்றிடத்தில் உலர்த்தி, இரண்டு முறை 5 மி.லி. மெத்தனாலால் இறக்குங்கள். இன்னொன்றையும் சோதியுங்கள்: லாமிவுடினும் டெனோஃபோவிரும் (இதுவும் எச்.ஐ.வி. மருந்துதான்) தண்ணீரோடு ஓடும் மருந்துகள். 500 மி.லி. ஏற்றினால் அவை கார்ட்ரிட்ஜைத் தாண்டி வழிந்துவிடலாம். உங்கள் லாமிவுடின் "நன்றாகக் குறைகிறது" என்பதில் ஒரு பங்கு இந்த வழிதலாகக்கூட இருக்கும். ஒரு கார்ட்ரிட்ஜுக்குக் கீழே இன்னொன்றை மாட்டி, கீழ்க் கார்ட்ரிட்ஜைத் தனியாக அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். செறிவு அதிகமாக இருந்தால் கார்ட்ரிட்ஜே வேண்டாம், வடிகட்டி நீர்த்து நேராகச் செலுத்தலாம்.

குளோரினுக்குப் பிறகு எடுக்கிறீர்கள் என்றால் பாட்டிலில் முன்கூட்டியே லிட்டருக்கு 100 மி.கி. சோடியம் தயோசல்ஃபேட் போட்டு வையுங்கள். இல்லையென்றால் லாரியில் வரும் வழியெல்லாம் குளோரின் வேலை செய்துகொண்டே வரும். பாக்டீரியாவை நிறுத்தச் சோடியம் அசைடு போடும் ஆய்வகங்கள் உண்டு. அசைடு போட்ட மாதிரியில் அமிலம் ஊற்றக் கூடாது, அது நச்சு வாயுவாக எழும். அதை ஆய்வகக் கழுவுதொட்டியில் கொட்டவும் கூடாது, செம்புக் குழாயோடு சேர்ந்தால் வெடிக்கும் உப்பு உண்டாகும். 4 பாகைப் பனிப்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட முடிந்தால் அசைடே தேவையில்லை.

---

மாத்திரைக்கணக்கு:

குளுக்குரோனைடு பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வாக்கியத்தை எல்லா மருந்துக்கும் ஒட்டிவிடும் பழக்கம் இருக்கிறது.

சிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு அது சரி. சிறுநீரில் போவதில் பெரும்பகுதி சிடோவுடின் குளுக்குரோனைடுதான். சாக்கடைப் பாக்டீரியா அந்தச் சர்க்கரைப் பகுதியை வெட்டினால் சிடோவுடினே திரும்பி வரும். டோலுடெக்ராவிர் என்ற புதிய எச்.ஐ.வி. மருந்துக்கும் ஒரு பங்கு அப்படித்தான். ஆனால் எஃபாவிரென்ஸை ஈரல் முதலில் 8-ஹைட்ராக்ஸி எஃபாவிரென்ஸாக மாற்றிவிட்டுப் பிறகுதான் சர்க்கரையைச் சேர்க்கிறது. அது உடைந்தால் ஹைட்ராக்ஸி வடிவம்தான் வரும், எஃபாவிரென்ஸ் வராது. நெவிரபினும் அதே கதை. ஆகவே உங்கள் கூடுதலுக்கு இதை முக்கியக் காரணமாக எழுதினால் தவறு.

எண் நியாயமானதா என்று பார்க்க மருந்து வழங்கும் கணக்கிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வடிகால் பரப்பில் 10,000 பேர் ஒரு மருந்தை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எஃபாவிரென்ஸ் 600 மி.கி. என்றால் நாளுக்கு 6 கிலோ. மலத்தில், பெரும்பாலும் மாறாத மருந்தாக, 16 முதல் 61 சதவீதம் வரை போகிறது. 30 என்று எடுத்தால் 1.8 கிலோ. 50 மெகாலிட்டரில் அது லிட்டருக்கு 36 மைக்ரோகிராம். 2018-இல் வெளியான, நம் குவாசுலு-நட்டால் மாகாண நிலையங்களின் ஆய்வில் உள்வரும் நீரில் 24 முதல் 34 மைக்ரோகிராம் எஃபாவிரென்ஸ் கண்டார்கள். கணக்கும் அளவீடும் ஒரே ஊரில் நிற்கின்றன.

ஆனால் அது அன்றைய மருந்து. 2013-இல் தென்னாப்பிரிக்காவில் வந்த ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின், எஃபாவிரென்ஸ் இருந்தன. 2019 இறுதியில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை வரத் தொடங்கியது. அதே 10,000 பேருக்கு இப்போது கணக்குப் போடுங்கள்:

டோலுடெக்ராவிர் 50 மி.கி.: நாளுக்கு அரைக் கிலோ, அதில் ஏறத்தாழ 53 சதவீதம் மாறாமல் மலத்தில். லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் சுற்றி.

லாமிவுடின் 300 மி.கி.: நாளுக்கு 3 கிலோ, அதில் 70 சதவீதம் மாறாமல் சிறுநீரில். லிட்டருக்கு 42.

டெனோஃபோவிர்: மாத்திரையில் 300 மி.கி. என்று எழுதியிருந்தாலும் அது உப்பின் எடை. உள்ளே இருக்கும் டெனோஃபோவிர் 136 மி.கி. அதைப் பெரும்பாலும் உடல் உடைப்பதில்லை. முழுதும் வருவதாக எடுத்தால் லிட்டருக்கு 27.

அதாவது நீங்கள் அளக்கும் மூன்று மருந்துகளில் எஃபாவிரென்ஸும் நெவிரபினும் சுருங்கிக்கொண்டே போகிறவை. டெனோஃபோவிரும் டோலுடெக்ராவிரும் பட்டியலில் இல்லவே இல்லை! அவற்றைச் சேருங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டோலுடெக்ராவிர் நாளுக்கு இரண்டு முறை தருவார்கள், கிளினிக் கணக்கில் அதையும் பாருங்கள். நெவிரபின் பிறந்த குழந்தைகளுக்கு இன்னும் கொடுக்கப்படுகிறது. அளவு சிறியது, ஆனால் நீரில் அழியாத மருந்து.

பொதுவில் பேசும்போது ஒரு வேண்டுகோள். நோயாளிகள் மருந்து எடுப்பதால் ஆறு கெடுகிறது என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். இந்த மாத்திரை நாள்தோறும் எடுப்பவரின் உயிர், அடுத்தவருக்குத் தொற்று போகாமல் தடுப்பதும் இதுதான். சிறுநீரில் போகும் மருந்துக்கு நிலையம்தான் பொறுப்பு. மீந்த, காலாவதியான மாத்திரைகள் வேறு விஷயம்: அவற்றைச் சாக்கடையில் கொட்ட நம் மருந்துச் சட்டத்தின் விதிகளே தடை சொல்கின்றன. மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம்.

---

கசடும்கரியும்:

ஆய்வுமேசை சொன்ன ஒட்டுதலை எண்ணில் காட்டுகிறேன். மருந்து கசடுக்கும் (தொட்டியில் சேரும் சேறு) தண்ணீருக்கும் எப்படிப் பங்காகிறது என்பதற்கு ஒரு கெழு உண்டு. எடுத்துக்காட்டுக்குக் கிலோவுக்கு 3,000 லிட்டர் என்று வைப்போம் (உங்கள் கசடுக்கு நீங்களே அளக்க வேண்டும்). உள்வரும் நீரில் லிட்டருக்கு 300 மி.கி. துகள் இருந்தால் 3,000 × 0.0003 = 0.9. ஒட்டிய பங்கு 0.9 / 1.9, அதாவது 47 சதவீதம். வெளியேறும் நீரில் 20 மி.கி. துகள் என்றால் 6 சதவீதம்தான். வடிகட்டிவிட்டு அளந்தால் உள்ளே பாதியை விட்டுவிடுகிறீர்கள், வெளியே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எண்ணுகிறீர்கள். உங்கள் புதிரின் பெரும்பகுதி இதற்குள்ளேயே அடங்கும் என்பது என் கணிப்பு.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று. காற்றூட்டத் தொட்டியில் லிட்டருக்கு 4,000 மி.கி. கசடு இருக்கிறது. அதே கெழுவில் 92 சதவீதம் கசடில் ஒட்டியிருக்கும். உடனே "92 சதவீதம் நீக்கம்" என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கசடு திரும்பத் திரும்ப அதே தொட்டிக்குத்தான் வருகிறது. கணக்கிலிருந்து வெளியேறுவது நாள்தோறும் நீங்கள் வெளியே எடுக்கும் கழிவுக் கசடு மட்டும். ஒரு லிட்டர் கழிவுநீருக்கு 150 மி.கி. கசடு எடுக்கிறீர்கள் என்றால் 3,000 × 0.00015 = 0.45. கசடோடு போவது 0.45 / 1.45, அதாவது 31 சதவீதம். பாக்டீரியா இந்த மருந்தைத் தின்னவில்லை என்றால் மீதி ஆற்றுக்குத்தான்.

அந்தக் கசடு எங்கே போகிறது என்றும் கேளுங்கள். நம் கசடு வழிகாட்டி நுண்ணுயிர், நிலைப்பு, உலோகம் ஆகியவற்றை வைத்து வகை பிரிக்கிறது. மருந்துக்கு அதில் இடமில்லை. கரும்புத் தோட்டத்துக்குப் போகும் கசடில் அந்த 31 சதவீதமும் போகிறது.

லாமிவுடினில் இன்னொரு பொறி. பாக்டீரியா அதை முழுதாக எரிப்பதில்லை, ஒரு முனையை அமிலமாக மாற்றுகிறது. கருவியில் லாமிவுடின் மறையும், கார்பாக்ஸி லாமிவுடின் ஆற்றில் இருக்கும். ஹெர்பிஸுக்குத் தரும் அசைக்ளோவிரிலும் இதேதான்: கார்பாக்ஸி அசைக்ளோவிர் நிலையத்தைத் தாண்டிப் போய் ஜெர்மனியில் குடிநீர்வரை கண்டுபிடிக்கப்பட்டது. "90 சதவீதம் நீக்கம்" என்று எழுதாமல் "தாய் மருந்து 90 சதவீதம் குறைவு" என்று எழுதுவது நேர்மை.

காலை 9 மணி வாளியையும் நிறுத்துங்கள். எஃபாவிரென்ஸ் உடலில் பாதியாக 40 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் சாக்கடையில் ஓரளவு சீராக வரும். லாமிவுடின் 5 முதல் 7 மணி நேரத்தில் பாதியாகிவிடும், எனவே அலை அலையாக வரும். ஒரு வாளி அலையின் உச்சியிலா பள்ளத்திலா என்று தெரியாது. 24 மணி நேரம், ஓட்டத்துக்கேற்ப எடுத்த கூட்டு மாதிரி வேண்டும். மாதிரி எடுக்கும் கருவிக்கு மின்வெட்டின்போதும் ஓட மின்கலம் வையுங்கள். இல்லையென்றால் கருவி நின்ற நேரம் தெரியாமலே அரை நாள் மாதிரியை முழு நாள் என்று எழுதுவீர்கள்.

---

நீர்மானி_டர்பன்:

நன்றி, மூவருக்கும். கழிவுக் கசடின் கணக்கு நாங்கள் யோசிக்காதது. மேலாளர் தூள் கரி போடலாமா, ஓசோன் வைக்கலாமா என்று கேட்கிறார். ஆற்று மாதிரி பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

---

கசடும்கரியும்:

தூள் கரி எஃபாவிரென்ஸ் போன்றவற்றை நன்றாகப் பிடிக்கும். தெளிந்த நீருக்கு லிட்டருக்கு 10 முதல் 20 மி.கி. போடுவது வழக்கம். 15 என்றால் உங்கள் ஓட்டத்துக்கு நாளுக்கு 750 கிலோ. அதற்குப் பிறகு மணல் வடிகட்டி கட்டாயம். உங்கள் தெளிவுத் தொட்டியில் கசடு வழிந்து போகிற நாட்கள் உண்டென்றால், மருந்தைச் சுமந்த கரியை நீங்களே ஆற்றில் கொண்டுபோய் ஊற்றுவீர்கள். கரி கலந்த கசடை வயலுக்கும் அனுப்பக் கூடாது.

ஓசோன் என்றால், நீரில் கரைந்த கரிமம் ஒரு கிராமுக்கு 0.5 முதல் 0.7 கிராம் வேண்டும். லிட்டருக்கு 10 மி.கி. கரிமம் இருந்தால் நாளுக்கு 250 முதல் 350 கிலோ ஓசோன். கிலோவுக்குச் சுமார் 10 யூனிட் மின்சாரம். அதைவிட முக்கியம், நைட்ரைட். காற்றூட்டம் சரியில்லாத நிலையத்தில் அம்மோனியா பாதியில் நைட்ரைட்டாக நிற்கும். நைட்ரைட் நைட்ரஜன் ஒரு மி.கி. 3.4 மி.கி. ஓசோனைத் தின்றுவிடும். மருந்துக்கு மிஞ்சாது.

நமீபியாவின் விண்ட்ஹூக்கில் 2002 முதல் ஓடும் புதிய கோரேங்கப் நிலையம் ஓசோன், உயிரியல் கரி, மணிக் கரி எல்லாம் அடுத்தடுத்து வைத்துக் கழிவுநீரைக் குடிநீராகவே ஆக்குகிறது. ஆகவே நம் பகுதியில் முடியாத காரியமில்லை. ஆனால் அங்கே முதலில் அடிப்படைச் சுத்திகரிப்பு ஒழுங்காக ஓடுகிறது. கழிவுநீர் அமைப்புகளை மதிப்பிடும் நம் அரசின் 2022 பசுமைத்துளி (கிரீன் டிராப்) அறிக்கையில் 334 நகராட்சிக் கழிவுநீர் அமைப்புகள், அதாவது 39 சதவீதம், நெருக்கடி நிலையில் இருந்தன. நிற்கும் காற்றூட்டியைப் பழுது பார்க்காமல் ஓசோன் வாங்கச் சொல்பவரை நம்பாதீர்கள். வெளியேறும் நீரில் அம்மோனியா 6 மி.கி.க்குக் கீழே, துகள் 25 மி.கி.க்குக் கீழே என்ற, கழிவுநீரை ஆற்றில் விடுவதற்கான அரசின் பொது அனுமதியின் வரம்புகளை நாள்தோறும் தொடும் நிலையத்துக்குத்தான் அடுத்த படி. (அந்த வரம்புப் பட்டியலில் மருந்து ஒன்றுகூட இல்லை.)

---

உம்கேனிக்கரை:

ஆற்றில் உங்கள் வெளியேறும் நீரைவிட அதிகம் இருந்தால் மேலே எங்கோ சுத்திகரிக்காத சாக்கடை கலக்கிறது என்பதே முதல் சந்தேகம். பம்ப் நிலையம் நின்றாலோ, 2022 ஏப்ரல் வெள்ளம் போல எதுவும் குழாயை உடைத்தாலோ நிலையத்தைத் தொடாமலே ஆற்றுக்கு வந்துவிடும்.

பிரித்தறிய வழி இருக்கிறது. அதே மாதிரியில் காஃபீனும் கார்பமாசெபினும் அளங்கள். காஃபீன் நல்ல நிலையத்தில் கிட்டத்தட்ட முழுதும் அழியும். வலிப்பு மருந்தான கார்பமாசெபின் உங்களுடையது போன்ற வழக்கமான நிலையத்தில் பெரிதாகக் குறையாது. கார்பமாசெபின் மட்டும் இருந்தால் அது சுத்திகரித்த நீர். காஃபீனும் கூடவே உயர்ந்திருந்தால் பச்சைச் சாக்கடை. இதற்கு நிலையத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே நன்றாகக் கலந்தபின் ஒரு மாதிரி, குறைந்தது இரண்டும் வேண்டும். உங்கள் ஆறு உம்கேனி என்றால் மேல் மாதிரி சுத்தமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டார்வில் நிலையத்து நீர் முசுந்துசி ஆற்றின் வழியாக இனாண்டா அணைக்கு மேலேயே சேர்ந்துவிடுகிறது. கழிமுகத்துக்குப் பக்கத்தில் என்றால் நீர் வடியும் நேரத்தில் எடுத்து, உப்பளவையும் குறியுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மழை செறிவைக் குறைத்துக் காட்டும், ஆகவே ஓட்டத்தால் பெருக்கி நாளுக்கு எத்தனை கிராம் என்று எழுதுங்கள்.

ஊர்க்கூட்டத்தில் இரண்டு கேள்வி நிச்சயம் வரும். "தண்ணீரில் மருந்து இருந்தால் எச்.ஐ.வி. மருந்துக்கு அடங்காமல் போகுமா?" அந்த வைரஸ் ஆற்றில் பெருகுவதில்லை, அந்த வழியில் பயம் இல்லை. ஃப்ளூ காய்ச்சல் மருந்து ஓசெல்டமிவிர் வேறு: அது கலந்த நீரில் வைத்த காட்டு வாத்துகளின் வைரஸ் அந்த மருந்துக்கு அடங்காததாக மாறியதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். இரண்டாவது, "குடித்தால் என்ன ஆகும்?" லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் எஃபாவிரென்ஸ் உள்ள நீரை நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் ஒரு மாத்திரையின் அளவைச் சேர்க்க 800 ஆண்டுக்கு மேல் ஆகும். மீனுக்கு அந்தக் கணக்கு செல்லாது. நம் ஆறுகளில் இருக்கும் மொசாம்பிக் திலாப்பியாவை 96 மணி நேரம் லிட்டருக்கு 20.6 நானோகிராம் எஃபாவிரென்ஸில் வைத்தபோதே ஈரல் பாதிப்பு தெரிந்தது. மைக்ரோகிராம் அல்ல, நானோகிராம்.

---

நீர்மானி_டர்பன்:

அடுத்த வாரம் வடிகட்டி, பாட்டில், உள்தரம் மூன்றையும் மாற்றி, கழிவுக் கசடையும் சேர்த்து எடுக்கிறோம். டெனோஃபோவிர், டோலுடெக்ராவிர், காஃபீன், கார்பமாசெபின் பட்டியலில் ஏறிவிட்டன. உள், வெளி மாதிரிகளுக்கு இடையே எத்தனை மணி நேரம் விட வேண்டும்?

---

கசடும்கரியும்:

தொட்டிகளின் மொத்தக் கொள்ளளவை ஓட்டத்தால் வகுங்கள். 40 மெகாலிட்டர் கொள்ளளவு, நாளுக்கு 50 மெகாலிட்டர் ஓட்டம் என்றால் 19 மணி நேரம். உள்ளே திங்கள் காலை 6 மணிக்குத் தொடங்கினால் வெளியே செவ்வாய் அதிகாலை 1 மணிக்கு. கசடின் வயது 15 நாள் என்று அதைப் போட்டுவிடாதீர்கள், அது கசடுக்குத்தான், தண்ணீருக்கு அல்ல. தொட்டியில் மணல் அடைந்திருந்தால் உண்மை நேரம் இதைவிடக் குறையும். இரண்டு முனையிலும் மின்கடத்துதிறன் அளவியை இரண்டு நாள் போட்டு, உள்ளே வரும் உச்சம் வெளியே எப்போது தெரிகிறது என்று பார்த்து அந்த நேரத்தையே வையுங்கள்.